டீசல் பம்புசெட்டில் எரிபொருள் கோளாறு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

காவிரிக் கடைமடையில் வாய்க்கால் தண்ணீர் பல இடங்களில் வயல் மட்டத்துக்குக் கீழேயே நின்றுவிடுவதால், மின் இணைப்பு இல்லாத நிலங்களுக்கு இன்றும் டீசல் எஞ்சினை வைத்துத்தான் இறைக்கிறோம். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. அந்தத் தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேரும் நாட்களில், அறுவடைக்குப் பிறகு சாக்குப் போட்டு மூடி வைத்த எஞ்சின்களை எல்லோரும் ஒரே வாரத்தில் வெளியே எடுக்கிறார்கள். பழுதுகளும் ஒரே வாரத்தில் வந்து குவிகின்றன. இப்படி ஆண்டுதோறும் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை டேங்க் மூடியிலிருந்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசிலின் நுனி வரையுள்ள சில அடி நீளப் பாதைக்குள்ளேயே இருந்தன. அவற்றில் பல, ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் தீரக்கூடியவை. அப்படியிருந்தும், நாசிலை மாற்றுவதற்கு முன்னால் டேங்க் மூடியைக் கழற்றிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவாக இருப்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இந்த வழிமுறை 5 முதல் 10 எச்.பி. வரையுள்ள, ஒற்றை சிலிண்டர் கொண்ட, கைப்பிடி போட்டுச் சுற்றி ஓட்டும், டேங்க்கிலிருந்து டீசல் தானாக இறங்கும் எஞ்சின்களுக்கானது. ஒவ்வோர் அறிகுறியிலும் எளிய காரணத்தை முதலிலும் செலவு பிடிக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 5 எச்.பி. எஞ்சின் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 1.1 லிட்டர் டீசல் எடுக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வீதம், நாசில் 750 முறை பீச்சுகிறது. அப்படியானால் ஒரு முறை பீச்சப்படும் டீசல் ஏறத்தாழ 24 கன மில்லிமீட்டர், அதாவது அரைச் சொட்டு. கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழியும் ஒரு துளித் தண்ணீரும் எஞ்சினை நிறுத்திவிடுவது இதனால்தான்.

கை வைப்பதற்கு முன்

நாசில் பீச்சும் திசையில் கையையோ முகத்தையோ காட்டக் கூடாது. இவ்வகை எஞ்சின்களில் நாசில் பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவிலான அழுத்தத்தில் திறக்கிறது; அந்தப் பீச்சல் தோலைத் துளைத்துச் சதைக்குள் டீசலை ஏற்றிவிடும். வெளியே ஒரு முள் குத்தியதுபோல் மட்டுமே தெரிந்தாலும், தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் சென்று டீசல் ஏறியதென்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும். எஞ்சின் கொட்டகைக்குள் கதவை மூடிக்கொண்டு ஓட்டிப் பார்ப்பதும் கூடாது.

சாமான்களைத் துடைக்கக் கழிவு நூலைப் பயன்படுத்தாதீர்கள். அதிலிருந்து பிரியும் ஒரு இழை நாசில் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பலமுறை துவைத்த பழைய வேட்டித் துணிதான் இந்த வேலைக்கு நல்லது.

அறிகுறி: எவ்வளவு சுற்றினாலும் எஞ்சின் பிடிக்கவில்லை

சிலிண்டரில் அழுத்தம் சேராமல் விட்டுச் சுற்றுவதை எளிதாக்கும் டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிவிட்டு எஞ்சினை வேகமாகச் சுற்றி, வேகம் ஏறியதும் லிவரை விட்டுவிடுங்கள். அருகில் ஒருவரை நிறுத்தி, நாசிலில் ஒவ்வொரு பீச்சலுக்கும் "கிர்ர்" என்று சிறு கரகரப்பு கேட்கிறதா என்றும், சைலன்சரில் புகை வருகிறதா என்றும் கவனிக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டுக்கும் கிடைக்கும் பதிலை வைத்து வழி பிரிகிறது.

சத்தமும் இல்லை, புகையும் இல்லை என்றால்

டீசல் நாசிலுக்கு வந்து சேரவில்லை. டேங்க்கில் டீசல் இருக்கிறதா, டேங்க்கிலிருந்து டீசல் வரும் வழியைத் திறந்து மூடும் காக் முழுவதும் திறந்திருக்கிறதா, நிறுத்தும் லிவர் ஓட்டும் நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிறுத்தும் லிவரை மடக்கிய நிலையிலேயே விட்டுவிட்டு அரை மணி நேரம் சுற்றிக் களைத்துப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, பில்டருக்குள் டீசல் நுழையும் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடியுங்கள். பென்சில் தடிமனில் ஒழுக்கு நிற்காமல் வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேங்க்கின் அடியிலுள்ள வலை அடைத்திருக்கிறது, அல்லது மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மூடியைக் கழற்றியவுடன் ஒழுக்கு வேகமெடுத்தால் காரணம் துளைதான்.

அதுவரை சரி என்றால் ஏர் எடுக்க வேண்டும், அதாவது பாதைக்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். இதை அவசரமாகச் செய்வதால்தான் பலருக்கு வேலை இரட்டிப்பாகிறது. பில்டரின் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்துங்கள். முதலில் நுரையாகவும் பிறகு நுரையும் டீசலும் கலந்தும் வரும். குமிழி முற்றிலும் நின்று, கண்ணாடிபோல் தெளிந்த டீசல் வழியத் தொடங்கிய பிறகு பத்து எண்ணும்வரை பொறுத்திருந்து, டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்குரூவை இறுக்குங்கள். ஒழுக்கு நின்றபிறகு இறுக்கினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அதன்பின், டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்பும் பம்ப்பின் நுழைவாயில் போல்ட்டில் இதே வேலையைச் செய்யுங்கள். கடைசியாக, நாசில் பக்கம் உள்ள ஹை பிரஷர் பைப்பின் நட்டை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, அதன்மேல் துணியைச் சுற்றி மூடி, எஞ்சினைச் சுற்றச் சொல்லுங்கள்; ஒவ்வொரு அடிக்கும் டீசல் துள்ளி வந்து துணியை நனைத்தால் நட்டை இறுக்கிவிட்டு மறுபடி சத்தத்தைக் கேளுங்கள்.

நட்டில் டீசல் துள்ளுகிறது, ஆனால் நாசிலில் சத்தம் இல்லை என்றால் நாசில் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாசிலை ஹோல்டரோடு கழற்றி, பீச்சலைச் சோதிக்கும் டெஸ்டர் வைத்திருக்கும் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். மாறாக, ஏர் முழுவதும் எடுத்தும் நட்டில் டீசல் துள்ளவில்லை என்றால் கோளாறு பம்ப்பிலிருந்து போன டீசல் திரும்பாமல் தடுக்கும் டெலிவரி வால்விலோ, டீசலை அழுத்தும் எலிமென்ட்டிலோ இருக்கிறது. இந்த இடத்தில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட வேண்டும். எலிமென்ட்டின் உருளைக்கும் உறைக்கும் இடையே இருப்பது சில மைக்ரான் இடைவெளி, நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. வரப்பில் உட்கார்ந்து பிரித்தால் படியும் தூசியே அதைக் கீறிவிடும். பம்ப்பைச் சோதிக்கும் பெஞ்ச் உள்ள மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டிய கட்டம் இதுவே.

சத்தம் கேட்கிறது, வெள்ளைப் புகையும் வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால்

டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. முதல் சந்தேகம் தண்ணீர்மேல் வர வேண்டும். டேங்க்கின் அடிப்பகுதியிலிருந்தும் பில்டர் கிண்ணத்தின் அடியிலிருந்தும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டீசலைப் பிடித்து, அசைக்காமல் ஓர் இரவு வையுங்கள். லிட்டருக்குச் சுமார் 830 கிராம் எடையுள்ள டீசல் மேலே மிதக்க, தண்ணீர் அடியில் தெளிவான தனி அடுக்காக நிற்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டை ஒட்டிக் கறுப்புச் சளிபோல் படலம் இருந்தால், தண்ணீர் பல வாரங்களாக உள்ளே கிடந்திருக்கிறது என்று பொருள். டீசலும் தண்ணீரும் சேருமிடத்தில் வளரும் நுண்ணுயிர்களின் படலம் அது. அப்போது டீசலை மாற்றினால் மட்டும் போதாது. டேங்க்கை இறக்கி நல்ல டீசலாலேயே இரண்டு மூன்று முறை அலசி, பில்டர் எலிமென்ட்டை மாற்ற வேண்டும். கழுவிப் போட்ட பழைய பில்டர் அடுத்த வாரமே மறுபடி அடைக்கும்.

தண்ணீர் இல்லை என்றால், காற்று நுழையும் வழியில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். அதற்குமேல் விடக் கூடாது. இப்படிச் செய்து எஞ்சின் பிடித்துக்கொண்டால் கோளாறு எரிபொருளில் இல்லை; பிஸ்டன் ரிங் தேய்ந்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம், குறைந்திருக்கிறது, மெக்கானிக்கைக் கூப்பிடத்தான் வேண்டும். அப்போதும் பிடிக்காவிட்டால் நாசிலை டெஸ்டரில் பார்க்க வேண்டும். பம்ப்பைச் சமீபத்தில் யாராவது கழற்றி மாட்டியிருந்தால் அதன் அடியிலிருந்த மெல்லிய தகடுகள் குறைந்தோ கூடியோ பீச்சும் நேரம் மாறியிருக்கலாம். அதையும் மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அறிகுறி: பிடித்து ஓடுகிறது, சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது

எவ்வளவு நேரம் ஓடி நிற்கிறது என்பதைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். பாதிக் காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

ஓரிரு நிமிடத்தில் நின்றால் ஏர் முழுமையாக எடுக்கப்படவில்லை, அல்லது காக் பாதிதான் திறந்திருக்கிறது. ஒழுங்கில்லாமல், ஒருநாள் பத்து நிமிடமும் மறுநாள் இரண்டு மணி நேரமும் ஓடினால், டேங்க்குக்குள் ஓர் இலைச் சருகோ துணித் துண்டோ மிதந்து அவ்வப்போது வாயை அடைக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம், இருபது நிமிடமோ அரை மணியோ ஓடி, மெல்ல இளைத்து நின்று, சற்று ஆறப்போட்டால் மறுபடி பிடித்துக்கொண்டால், மூடியின் காற்றுத் துளையைப் பாருங்கள். இதை நான் நன்றாகவே பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் எஞ்சின் ஒரு குறுவையில் இப்படித்தான் நின்று நின்று ஓடியது. டவுனில் ஒரு பட்டறையில் நாசிலை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். பிறகு பில்டர், பிறகு பம்ப் எலிமென்ட் என்று இரண்டு வாரமும் நாற்றுக்குத் தேவையான தண்ணீரும் போயின. கடைசியில் டீசல் ஊற்ற மூடியைத் திருகியபோது, உள்ளே உறிஞ்சிப் பிடித்திருந்தது "ஸ்ஸ்" என்று விடும் சத்தம் கேட்டது. மூடியைத் திருப்பிப் பார்த்தால் துளைக்கு மேலிருந்த தகட்டின் இடுக்கில் ஒரு குளவி மண்ணைக் குழைத்து, கொத்தமல்லி விதை அளவில் அழகாகக் கூடு பூசியிருந்தது. ஒரு ஊசியால் குத்தி எடுத்தேன். அன்று மாலை வரை எஞ்சின் நிற்கவே இல்லை. மாதக்கணக்கில் சும்மா நிற்கும் எஞ்சினில் குளவிக்கு இந்த இடம் மிகவும் பிடித்தமானது.

மூடியும் துளையும் சரியாக இருந்து, சுமை கொடுக்கும்போது மட்டும் நின்றால் பில்டர் அடைத்திருக்கிறது. சும்மா ஓடுவதற்கு வேண்டிய டீசலை அது விடும், இறைக்கும்போது வேண்டியதை விடாது.

அறிகுறி: வேகம் ஏறி ஏறி இறங்குகிறது

எங்காவது காற்று புகுந்துகொண்டிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். டேங்க் மேலே இருந்தாலும், பில்டர் பாதி அடைத்த நிலையில் பம்ப் இழுக்கும்போது, தளர்ந்த இணைப்பு வழியாகக் காற்று உள்ளே வரும். இணைப்புகளைத் துடைத்துக் காயவைத்து, சுண்ணாம்புப் பொடியைத் தூவி, காக்கைத் திறந்து ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஈரம் எங்கே தெரிகிறதோ அங்கேதான் கசிவு. போல்ட்டை மேலும் மேலும் இறுக்குவதால் கசிவு நிற்காது, மரைதான் போகும். அங்குள்ள செம்பு வாஷர் பலமுறை இறுக்கப்பட்டு இறுகிப்போயிருக்கும். புதிய வாஷர் கையில் இல்லாவிட்டால், பழையதைக் கழற்றி டீசல் இல்லாத இடத்துக்கு எடுத்துச் சென்று, செந்நிறமாகும்வரை சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். செம்பு மறுபடி மென்மையாகிவிடும். கரியைத் தேய்த்து எடுத்துவிட்டு மாட்டினால் முதல் இறுக்கிலேயே பொருந்தும்.

காற்றுக் கசிவு இல்லையென்றால், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்ப்பின் ரேக் கையால் தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போகிறதா என்று, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். சிக்கிச் சிக்கி நகர்ந்தால் எஞ்சினை ஓட்டவே வேண்டாம். மெக்கானிக் பார்த்த பிறகு ஓட்டுங்கள்.

அறிகுறி: கரும்புகை

இதற்கு எரிபொருளைக் குறை சொல்வதற்கு முன்னால் ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். நெல் தூசும் உமியும் அடைத்த ஏர் கிளீனரோடு ஓடினால் எந்த எஞ்சினும் கறுக்கத்தான் செய்யும். அது சுத்தமாக இருந்தால், தண்ணீர் இறைக்கும் பம்ப்பின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். புகை மறைந்துவிட்டால் எஞ்சினுக்குச் சுமை அதிகம். தண்ணீர் பம்ப்பின் பேரிங்கையும் புல்லியின் அளவையும் பார்க்க வேண்டும்.

சுமை இல்லாமலும் புகை கறுப்பாகவே வந்தால் நாசில் ஒழுகுகிறது. நல்ல நாசில் டெஸ்டரில் மூடுபனிபோல் பீச்சிச் சட்டென்று நிற்கும். கெட்டுப்போனது நூலாகப் பாய்ந்து, நுனியில் ஒரு சொட்டைத் தொங்கவிடும். அந்தச் சொட்டுதான் கரியாகிறது. நாசிலை எடுத்துச் செல்லும்போது உங்கள் எஞ்சினின் கையேட்டில் சொல்லியிருக்கும் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு போய், அந்த அளவுக்கே வைக்கச் சொல்லுங்கள். எல்லா எஞ்சினுக்கும் ஒரே அழுத்தம் வைத்து அனுப்பும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி: டீசல் அதிகமாகக் குடிக்கிறது

அளக்காமல் இதைச் சொல்லக் கூடாது. டேங்க்கை ஒரு குறிவரை நிரப்பி, தண்ணீர் இறைக்கும் சுமையில் சரியாக ஒரு மணி நேரம் ஓட்டி, மறுபடி அதே குறிவரை அளவுக் குவளையால் ஊற்றுங்கள். 5 எச்.பி. எஞ்சினுக்கு ஒன்று முதல் ஒன்றேகால் லிட்டர் வரை இயல்பானது. அதற்கு மேல் போனால் எஞ்சினுக்குக் கீழே செய்தித்தாளை விரித்துக் கசிவைப் பாருங்கள். கசிவு இல்லாமல், நாசிலிலிருந்து திரும்பி வரும் மெல்லிய பைப்பில் டீசல் ஓயாமல் ஒழுகினால் ஊசி தேய்ந்திருக்கிறது, நாசில் மாற்ற வேண்டியதுதான்.

அறிகுறி: ஆயில் மட்டம் தானாக ஏறுகிறது

எஞ்சினை உடனே நிறுத்துங்கள். ஆயில் குறைவது இயல்பு, ஏறுவது இயல்பல்ல. ஆயில் கம்பியை உருவி விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, விரலில் வழுவழுப்பு இல்லாமல் நீர்த்திருந்தால், பம்ப் எலிமென்ட் தேய்ந்து டீசல் ஆயில் தொட்டிக்குள் இறங்குகிறது. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்குகிறது. இரண்டிலும் ஆயிலை மாற்றிவிட்டு ஓட்டலாம் என்று நினைக்கக் கூடாது. நீர்த்த ஆயிலோடு இன்னும் சில மணி நேரம் ஓடினால் பேரிங் உருகி, ஒரு எலிமென்ட்டின் விலையில் முடிய வேண்டியது கிராங்க் வரை போய்விடும்.

அறிகுறி: நிறுத்தும் லிவரை மடக்கியும் எஞ்சின் நிற்கவில்லை, வேகம் ஏறிக்கொண்டே போகிறது

படிப்பதற்கு அப்போது நேரம் இருக்காது, அதனால் இப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள். பிளைவீலின் நேர்க்கோட்டிலிருந்து முதலில் விலகுங்கள். காற்று நுழையும் வாயைப் பலகையாலோ மடித்த ஈரச் சாக்காலோ அழுத்தி மூடுங்கள். வெறும் உள்ளங்கையை வைக்கக் கூடாது, மெல்லிய துணியையும் வைக்கக் கூடாது, உறிஞ்சிவிடும். காற்று இல்லாமல் எஞ்சின் சில விநாடிகளில் அடங்கும். காக்கை மூடுவதும் தேவைதான், ஆனால் பைப்பிலும் பில்டரிலும் மிச்சமிருக்கும் டீசல் தீரும்வரை எஞ்சின் ஓடும் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. காரணம் சிக்கிய ரேக்காகவோ, ஏர் கிளீனரில் அளவுக்கு மேல் ஊற்றிய ஆயில் உள்ளே இழுக்கப்படுவதாகவோ இருக்கும். மெக்கானிக் வந்து பார்க்காமல் மறுபடி சுற்ற வேண்டாம்.

வேறு எரிபொருள் கலந்துவிட்டது என்று தெரிந்தால்

பெட்ரோல் ஊற்றிவிட்டால் எஞ்சினைச் சுற்றவே கூடாது. ஒரு லிட்டர்தானே, டீசலோடு கலந்து போய்விடும் என்று எண்ண வேண்டாம். பெட்ரோல் ஆவி நம் ஊர் வெப்பத்தில் எப்போதும் தீப்பிடிக்கும் நிலையில் இருப்பதால், பீடி, அடுப்பு, மின் சுவிட்ச் எதுவும் அருகில் இல்லாத திறந்த வெளியில் வைத்து டேங்க், பில்டர், பைப் மூன்றையும் காலி செய்யுங்கள். பெட்ரோலில் பிடித்து மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய பம்புசெட்டும் டீசல் எஞ்சினும் ஒரே கொட்டகையில் இருக்கும் வீடுகளில்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. கேன்களுக்கு வெவ்வேறு நிறத்தில் பெயின்ட் அடித்து வையுங்கள்.

டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எஞ்சின் ஓடும், அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. பம்ப் எலிமென்ட்டுக்கும் நாசில் ஊசிக்கும் டீசலேதான் உயவு எண்ணெய். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு போதாததால் இரண்டும் விரைவில் தேய்கின்றன. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் இட்டிருப்பார்கள். பாட்டிலில் பிடித்த டீசலில் நீலமோ பச்சையோ சாயல் தெரிந்தால் அந்தக் கேனை எஞ்சினுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

புங்க எண்ணெயை அப்படியே ஊற்றி ஓட்டிப் பார்த்தவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய எண்ணத்தை நான் மதிக்கிறேன். வரப்பில் நிற்கும் மரத்தின் கொட்டையில் எஞ்சின் ஓட வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறு இல்லை. ஆனால் பதப்படுத்தாத புங்க எண்ணெய் டீசலைவிட ஏறத்தாழ பத்து மடங்கு கெட்டியாக ஓடும். நாசில் அதை மூடுபனியாக உடைக்க முடியாமல் நூலாகப் பாய்ச்ச, நுனியில் கரி காளான்போல் பூத்துவிடும். ஏற்கெனவே அப்படி ஓட்டியிருந்தால் நல்ல டீசலை ஊற்றி, சுமை இல்லாமல் அரை மணி நேரம் ஓட்டிப் பாதையை அலசுங்கள். பிறகு நாசிலைக் கழற்றி டெஸ்டரில் பாருங்கள், கூடவே ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.